சும்மா கொடுத்தவர்

என் வீட்டுக்காரர் நல்லவர் என்று ஊரே சொல்லும். ஊர் அவரோடு குடித்தனம் நடத்தவில்லை, தாராளமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டில் குழாய் உடைந்தால் முதல் ஆளாக ஓடுவது இவர்தான். எங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவது என் காதுக்கு மட்டும்தான் கேட்கும். யார் வீடு மாற்றினாலும் கட்டில் தூக்க இவர் வேண்டும். எங்கள் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் மட்டும் இன்றைக்கும் மடித்த அட்டைதான் முட்டுக் கொடுத்து நிற்கிறது. இதையெல்லாம் முன்பு வேடிக்கையாகச் சொல்வேன். சொல்லிச் சொல்லி வேடிக்கை தேய்ந்து, இப்போது வெறும் எரிச்சல்தான் மிச்சம்.

அவருக்குக் கண்ணாடி வெட்டும் பட்டறையில் வேலை. ஆள் உயரத்தைவிடப் பெரிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வுச் சட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் கிடத்தி, கோடு போட்டு, ஒரு தட்டு தட்டிப் பிரிக்க வேண்டும். எனக்குத் துணி திருத்தும் கடை. பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து விடுவதும் இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பதும் என் பிழைப்பு. இருக்கிற துணியை வைத்துக்கொண்டு ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி செய்துவிடுவேன். இந்தக் கதையில் அந்தக் கைவரிசையைக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

பட்டறையில் இவருக்குப் பக்கத்து மேஜைக்காரருக்கு சைலன்சர் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்த ஆளுக்கு இந்தப் பெயரை வைத்தவன் சரியான குசும்புக்காரனாகத்தான் இருக்க வேண்டும். இவருக்கும் அவருக்கும் பெரிய சிநேகம் ஒன்றும் கிடையாது. மின்விசிறியை யார் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் ஒரு கோடைகாலம் முழுக்கப் பேசாமல் இருந்தவர்கள்தான். அந்த சைலன்சருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. முகம் ஊதி, கால் வீங்கி, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் படுக்கையிலேயே கழிந்தது. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய், அவளால் கொடுக்க முடியாது. சொந்தத்தில் மற்றவர்கள் எல்லாம் திடீரென்று வெளியூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் சொன்னார்.

"சைலன்சருக்கு என் கிட்னி ஒண்ணைக் கொடுக்கலாம்னு இருக்கேன்."

வீட்டில் சும்மா கிடக்கிற பழைய நாற்காலியைக் கொடுக்கலாம் என்று சொல்வாரே, அதே குரல். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏங்க, திடீர்னு என்ன?"

"எனக்கு ரெண்டு இருக்கு. அவனுக்கு ஒண்ணுகூட இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் தம்பி இதே நோயில்தான் போனான்.

தம்பி படுத்திருந்தபோது எனக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்கு வயதும் சர்க்கரையும். வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் அப்போதும் நல்லவராகத்தான் இருந்தார். மருந்து வாங்க ஓடினார், பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அவர் கழுத்தில் பட்டறை அடையாள அட்டை தொங்கும். அதில் அவருடைய ரத்த வகை எழுதியிருக்கும். தம்பியின் தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையிலும் அதே வகைதான் எழுதியிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

"மாப்பிள்ளைகிட்டப் போய் இதைக் கேக்காதடி," என்றாள் அம்மா. "அவரா வாயெடுத்துச் சொன்னா சரி. நாம கேட்டு, அவர் மாட்டேன்னுட்டா, அப்புறம் நீ எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவரோட வாழ்வே?"

அவர் வாயெடுக்கவில்லை. தம்பி போய்விட்டான். காரியம் எல்லாம் இவர்தான் முன்னின்று செய்தார், ஒரு குறையும் இல்லாமல். நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பது பழகிவிட்டால் அதுவும் வீட்டில் ஒரு சாமானாகிவிடுகிறது, இடித்துக்கொள்ளாமல் சுற்றிப் போகக் கற்றுக்கொள்கிறோம்.

இப்போது மின்விசிறிக்குச் சண்டை போட்ட ஆளுக்குக் கொடுக்கிறேன் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது வேறொரு எண்ணம் வந்தது. ஒருவேளை தம்பிக்காகத்தானோ? அன்றைக்குச் செய்யாததை இன்றைக்கு வேறு யாருக்காவது செய்து மனசை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறாரோ? அப்படி இருந்தால் நான் மன்னித்துவிடுவேன். அவர் ஒரே ஒரு தடவை "உன் தம்பிக்குச் செய்யலை, அதனாலதான்" என்று சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். இதில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சொந்தமில்லாத ஒருவருக்கு உறுப்பு கொடுக்க வேண்டுமானால் அனுமதிக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். விற்பனை நடக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் குழு. கொடுப்பவர், வாங்குபவர், இருவருடைய குடும்பத்தார் என்று எல்லோரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டுக் கேட்பார்கள். முதல் தடவை இவரை மட்டும்தான் கேட்டார்கள். அதற்கு மேல் தேவைப்படவில்லை. காதெல்லாம் சிவந்து வெளியே வந்தார்.

"என்னங்க கேட்டாங்க?"

"ஏன் கொடுக்குறீங்கன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சும்மாத்தான்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சட்டையைக்கூட யாரும் சும்மா கொடுக்காத உலகத்தில் இவர் உடம்பைக் கிழித்து உள்ளே இருப்பதைச் சும்மா கொடுக்கிறாராம்.

"சிரிக்காத. எவ்வளவு பணத்துக்குப் பேசியிருக்கீங்கன்னு கேக்குறாங்க. என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

அனுமதி கிடைக்கவில்லை. உறவு இல்லை, நட்பு இல்லை, காரணம் இல்லை. புதிதாக ஏதாவது சொல்ல இருந்தால் மறுபடியும் வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் தையல் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். அடி வாங்கிய பிள்ளையைப் போல இருந்தது முகம்.

நான் மிஷினை நிறுத்தினேன். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"நிஜமான காரணம் ஏதாவது இருந்தா அதைச் சொல்லிடலாமே."

"இருந்தாத்தானே சொல்றதுக்கு."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. மனசுல ஏதாவது உறுத்துதா? பழசு எதாவது?"

யோசித்தார். நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் காத்திருந்தேன்.

"ஒண்ணும் இல்லையே," என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். கால்சட்டை ஒன்றின் ஓரத்தை மடித்துத் தைத்து முடிப்பதற்குள் கதை தயாராகிவிட்டது.

"அப்படின்னா பொய்தான் சொல்லணும். சைலன்சர் ஒரு தடவை உங்க உயிரைக் காப்பாத்தினாருன்னு சொல்லுங்க. ராத்திரி வேலையில நீங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தப்போ சட்டத்துல இருந்து கண்ணாடி உங்க மேல சரிஞ்சது. அவர் ஓடி வந்து தோளைக் கொடுத்துத் தாங்கி, உங்களை வெளிய தள்ளி விட்டாரு. அந்த நன்றிக்குத்தான் கொடுக்குறீங்க. நன்றின்னா எல்லாருக்கும் புரியும்."

இவர் முதலில் திகைத்தார். அப்புறம் அவருடைய கண்ணாடிக்காரப் புத்தி விழித்துக்கொண்டது.

"கண்ணாடி சரிஞ்சா எவனும் தோள் கொடுக்க மாட்டான். கையை விட்டுட்டு ஒதுங்கணும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே அதைத்தான் சொல்லிக் கொடுப்பாங்க. தோள் கொடுத்தா தாங்குறவனும் காலி, அடியில நிக்கிறவனும் காலி."

"குழுவுல யாராவது கண்ணாடி வெட்டுறவங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? தோள்னே இருக்கட்டும். கேக்க நல்லா இருக்கு."

சைலன்சரிடம் இதைச் சொல்ல நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் மாட்டிய கையை அசைக்காமல் படுத்திருந்தார். அந்தப் பெரிய குரல் தேய்ந்து கிசுகிசுப்பாகிப் போயிருந்தது. கேட்டு முடித்ததும் அழுதார்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே உங்களுக்கு. உங்க பக்கம் காத்துகூட வர விட்டதில்ல. இதை எப்படி என் வாயால சொல்லுவேன்?"

இதை எழுதும்போதும் அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். அன்றைக்கு அவர் அழுதது நிஜம். இவர்தான் அவர் கையைப் பிடித்து, "ஒரு தடவை சொன்னாப் போதும், அப்புறம் மறந்துடலாம்," என்று தேற்றினார். சைலன்சரின் மனைவியையும் குழு கேட்கும். அவளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அவளிடம் நிஜம் என்றே சொல்லிவிடுங்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். கெட்டிக்காரி என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான மேஜை, அதன் மேல் பாதி குடித்த தண்ணீர் டம்ளர்கள். தலைவியாக இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கண்ணாடி சரிந்த கதையை ஒரு பிசிறு இல்லாமல் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் இளகியது. காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. பிறகு வழக்கமான கேள்வியாக ஒன்று கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது கிட்னி நோய் இருந்திருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். தம்பி விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"என் தம்பிக்கு இருந்துச்சு மேடம். தவறிட்டான்."

"அப்போ உங்க கணவர் அவருக்குக் கொடுக்க முன்வரலையா?"

அந்த அம்மாள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனாலும் எத்தனையோ வருஷமாக நான் சுற்றிச் சுற்றிப் போன சாமானை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார்.

"யாரும் அவரைக் கேக்கல மேடம்," என்றேன்.

"இப்பவும் உங்க கணவரை யாரும் கேக்கலைன்னுதானே சொல்றாங்க?"

"இப்ப கிட்னி வாங்கப் போறவர் என் வீட்டுக்காரரோட உயிரைக் காப்பாத்தினவர். என் தம்பி அப்படி ஒண்ணும் பண்ணலையே."

நான் கட்டிய பொய்க்குள்ளேயே நான் போய் ஒளிந்துகொண்டேன். அனுமதி கிடைத்தது. மனைவியின் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போடும்போதும் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று. "பேனா எழுதலையா?" என்று கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருக்கு விலாவுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், வெட்டும் மேஜையில் இருந்து மாற்றி, வெட்டிய கண்ணாடியின் ஓரம் தேய்க்கும் பகுதியில் உட்கார வைத்தார்கள். மரியாதையான வேலை இல்லை அது, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது. இவர் முணுமுணுக்கவில்லை. சைலன்சர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். வீக்கம் வடிந்தது, கன்னம் தெரிந்தது, கடைசியாகக் குரலும் திரும்பியது. அவர் தெருமுனையில் பேசுவது என் கடைக்குள் கேட்ட அன்றைக்கு எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மனுஷன் சாகாமல் இருப்பது சின்ன விஷயமா?

முதலில் அடிக்கடி வந்தார்கள். பழங்களோடு வந்து இவர் காலைத் தொடாத குறையாக உட்கார்ந்திருப்பார்கள். சைலன்சரின் மனைவி மட்டும் ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி பேசினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"நல்லதுக்குக் காலம் இருக்குக்கா. அன்னைக்கு இவரு அண்ணன் உயிரைக் காப்பாத்தினாரு, இன்னைக்கு அண்ணன் இவரு உயிரைக் காப்பாத்திட்டாரு. ரெண்டும் சரியாப் போச்சு, பாத்தீங்களா?"

சைலன்சர் அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு குனிவதை நிறுத்தினார். பிறகு தலையாட்ட ஆரம்பித்தார். பட்டறையில் டீ குடிக்கும் நேரத்தில் யாரோ கேட்க, அவரே சொல்லிக் காட்ட ஆரம்பித்ததாக இவர் வந்து சொன்னார். எந்தச் சட்டம், எந்தப் பக்கம் சரிந்தது, இவர் எப்படி அலறினார் என்பது வரைக்கும் வந்துவிட்டதாம். நான் தைத்தது ஒரு கைக்குட்டை. அந்த ஆள் அதைப் பிரித்துப் போர்வையாக்கிவிட்டார்.

"இன்னைக்குச் சட்டையைக் கழட்டித் தோள்ல ஒரு தழும்பைக் காட்டுறான்," என்றார் இவர் ஒரு சாயங்காலம். "சின்ன வயசுல வெந்நீர் கொட்டின தழும்பு. என்கிட்டயே சொல்லியிருக்கான். இப்ப அது கண்ணாடி கிழிச்சதாம்."

"சொல்லிட்டுப் போறாரு, விடுங்க."

"ஓரம் தேய்க்கிற இடத்துல ஒருத்தன் என்ன சொல்றான் தெரியுமா? உயிரைக் கொடுத்தவனுக்கு ஒரு கிட்னியோட முடிச்சுட்டியே, மலிவுதான் அப்படிங்கிறான்."

"நீங்கதான் சும்மா கொடுத்தவராச்சே. உங்களுக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?"

வேண்டுமென்றேதான் குத்தினேன். அவர் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடுக்கும்போது அவருக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை, அது எனக்குத் தெரியும். கொடுத்த பிறகு, கொடுத்தது தான்தான் என்பதாவது தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நன்றிகூட வேண்டாம். திருப்பிக் கொடுத்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்கிற தவிப்பு. சரியாகச் சாப்பிடுவதில்லை. யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும் எழுந்து போவதில்லை. இளைத்துப்போன அவருடைய கால்சட்டைகளை எல்லாம் நானே இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதோடு, சொல்வதற்கென்ன, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. தனக்கு நியாயமாக வரவேண்டிய ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடப்பது என்றால் என்ன என்று அவருக்கும் தெரியட்டுமே.

பட்டறையில் வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு நாள் என்று நடத்துவார்கள். விபத்தில்லாமல் வேலை செய்தவர்களுக்குப் பரிசு, முதலாளியின் பேச்சு, குடும்பத்தோடு சாப்பாடு. இந்த வருஷம் சைலன்சருக்கு வீரச் செயலுக்கான கேடயம் என்று அறிவித்துவிட்டார்கள். அவர் கையில் அதைக் கொடுத்த கையோடு, இவரைத்தான் மேடைக்குக் கூப்பிட்டு அந்தச் சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். காப்பாற்றப்பட்டவர் வாயால் கேட்டால்தானே அழகு.

நான் சைலன்சரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் மைக்கைப் பிடித்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குப் புரிந்தது.

"அப்படி ஒண்ணும் நடக்கல," என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இவர் நிறுத்தவில்லை.

"இவர் என்னைக் காப்பாத்தல. அனுமதி வாங்குறதுக்காகச் சொன்ன பொய் அது. நீங்க எல்லாரும் கண்ணாடிக்காரங்கதானே, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சரியிற கண்ணாடிக்கு எவனாவது தோள் கொடுப்பானா? கொடுத்தா நாங்க ரெண்டு பேருமே இங்க நின்னுட்டு இருக்க மாட்டோம். நான் கொடுத்தது சும்மா. யாருக்கும் பதிலுக்கு இல்ல. சும்மா கொடுத்தேன்."

ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் என்னாகும் என்று பயந்தேன். அந்தப் பயம் தேவையே இருக்கவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை. பின்வரிசையில் யாரோ, "அதனாலதாம்பா அவருக்குக் கேடயம், நாமளா இருந்தா ஓடியிருப்போம்!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். இவர் மலைபோல நம்பி எடுத்து வைத்த ஆதாரம் அந்தப் பக்கத்துக்கே சாட்சியாகப் போய்விட்டது. முதலாளி சங்கடமாக மேஜையைப் பார்த்தார். மேற்பார்வையாளர் எழுந்து இவர் கையில் இருந்து மைக்கை மெதுவாக வாங்கி சைலன்சரிடம் கொடுத்தார்.

எனக்கு அந்த ஒரு நொடியில் இன்னும் நம்பிக்கை இருந்தது. டயாலிசிஸ் படுக்கையில் அழுத அந்த மனுஷன் எங்கேயாவது மிச்சம் இருப்பார் என்று நினைத்தேன். சைலன்சர் இவரைப் பார்த்தார், கீழே உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தார், கையில் இருந்த கேடயத்தைப் பார்த்தார்.

"அவரு சொல்றது சரிதாங்க," என்றார். குரல் தழுதழுத்தது. "நான் ஒண்ணும் பெருசாப் பண்ணிடல. அந்த இடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பாங்க. எதையும் எதிர்பார்த்து நான் பண்ணல."

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. சைலன்சர் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடித்தவர் காதில் என்னவோ சொன்னார். என்ன என்று பிறகு கேட்டேன். "என்னை மன்னிச்சுடு" என்றாராம். மைக்கை மூடிக்கொண்டு சொன்னாராம்.

பக்கத்தில் சைலன்சரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா அண்ணன் இப்படிப் பண்ணிட்டாரு? உயிரைக் காப்பாத்தினவரை மேடையில வச்சுப் பொய்யின்னு சொல்லலாமா? கிட்னி கொடுத்துட்டோம்கிற திமிராக்கா இது?"

சாப்பிடாமல் கிளம்பினோம். வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். நன்றி கெட்டவன் என்று ஒருவர் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மிஷினுக்கு எதிரே அதே இடத்தில் உட்கார்ந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. பெரியவர் என்றாலும் பரவாயில்லை என்று அவர் தலையைத் தடவிக் கொடுக்கலாம்போல இருந்தது. அவ்வளவு உடைந்திருந்தார்.

"ஒரு ஆளுகூட நம்பலை," என்றார். "நீயாவது நம்புறியா? நான் சும்மாத்தான் கொடுத்தேன்னு?"

இனிமேல் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. அம்மா கேட்காதே என்று சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என் தம்பிக்காக இல்லையா?"

"உன் தம்பியா?"

அவர் முகத்தில் இருந்தது வெறும் திகைப்பு. மாட்டிக்கொண்டவனின் முழியாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அவனுக்குக் கொடுக்காம விட்டுட்டோமேன்னு உங்க மனசுல இருந்திருக்கும். அதுக்காகத்தான் இவருக்குக் கொடுத்தீங்க. அப்படித்தானே? இருந்தா இப்பவாவது சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது என் குரல். அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்காக நான் ஒன்று தைத்துக் கொடுக்கவில்லையா?

"இல்லம்மா," என்றார் மெதுவாக. "அவனை நினைக்கவே இல்ல. அப்போ எனக்கு அது தோணவே இல்ல. மருந்து வாங்கணும், உங்கம்மாவைப் பாத்துக்கணும், அதுதான் ஓடுச்சு. நான் கொடுக்கலாம்னு தோணல. இவனைப் பாத்தப்போ தோணுச்சு. ஏன்னு எனக்கே தெரியல. நிஜமா எந்தக் காரணமும் இல்ல. சத்தியமாச் சொல்றேன், சும்மாத்தான் கொடுத்தேன்."

குழு நம்பாதது, பட்டறை நம்பாதது, அதை நான் நம்பினேன். இப்படி ஒரு சுத்தமான நல்ல காரியம் உலகத்தில் இருக்க முடியும் என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதில் ஒரு துளி குற்ற உணர்ச்சி கலந்திருந்தால், ஒரு துளி என் மேல் பிரியம் கலந்திருந்தால், என் தம்பிக்கு அதில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். எதுவுமே கலக்கவில்லை. வராந்தாவில் நான் இரண்டு அட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த மனுஷன் மனசை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை, பயந்துகொண்டும் நிற்கவில்லை. வெந்நீர் ஆறிவிடுமே என்றுதான் நின்றிருக்கிறார்.

"சொல்லு," என்றார். "நம்புறியா?"

"நம்புறேன்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. பெரிய மூச்சாக விட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கை கழுவ எழுந்தார். நான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அன்றைக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.